பேர் எழுதாத பை

"பொறந்தநாளுக்குச் சுருக்குப்பையாம்! அதுவும் முப்பது. இந்தக் கூத்தைக் கேட்டியளாக்கா?"

தையல் மெஷினை நிறுத்தாமலே பொரிந்து தள்ளினாள் பாண்டிசெல்வி. தைத்த நைட்டியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு வீட்டு ஆர்டரு?"

"நம்ம அனு கூடப் படிக்கிற பெனிட்டா பிள்ளை இருக்குல்ல, அதோட அம்மா ஜாஸ்மின். ராஜபாளையத்துல ரெண்டு ஜவுளிக்கடை வச்சிருக்காக. மினுக்குத் தாள் சுத்துனா மண்ணுல மக்காதாம், மரத்தை வெட்டித்தான் பேப்பரே பண்றாகளாம். அதனால வர்ற பிள்ளைக எல்லாம் பரிசைத் துணிப்பையிலதான் போட்டுக் கொண்டாரணுமாம். பையை அவியளே வீட்டுக்கு வீடு கொடுத்து விடுவாகளாம்."

"நல்ல விசயந்தானடி?"

"விசயம் நல்லாத்தான் இருக்கு. கண்டிஷனைக் கேளுங்க. அம்புட்டும் ஒரே நிறம், ஒரே அளவு. உள்ள இருக்கது வெளிய தெரியாத மாதிரி கனத்த காடாத் துணி வேணுமாம். பை மேல யாரும் பேர் எழுதக்கூடாதாம்! காசு வந்தா கிறுக்கும் கூடவே வந்து ஒட்டிக்கிடும் போல."

ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்த அனுசியா வாசலில் நின்றிருந்தாள்.

"நான் அந்தப் பொறந்தநாளுக்குப் போகல."

பாண்டிசெல்வி மெஷினை நிறுத்தினாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

குலுக்கலில் இலவச சீட்டு கிடைத்து, பெரிய பள்ளிக்கூடத்தில் நாலாவது படிக்கிற பிள்ளை அது. போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில், கூடப் படிக்கிற பையன் ஒருத்தனுக்குப் பிறந்தநாள். வந்த பரிசையெல்லாம் மேடையில் அடுக்கி, மைக்கில் பேரைச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ரிமோட் கார் என்ன, பேசுகிற பொம்மை என்ன! நடுவில், காலண்டர் தாளில் சுற்றிய அனுசியாவின் பென்சில் டப்பா. மண்டபமே சிரித்துவிட்டதாம். அன்றைக்குச் சாப்பிடாமல் வந்து படுத்தவள்தான். அதற்குப் பிறகு யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் இவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

"யாருட்டி மொதல்ல சிரிச்சா? சொல்லு, நான் வந்து கேக்கேன்" என்று எத்தனையோ தடவை கேட்டாயிற்று.

"எல்லாருந்தான்" என்பதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஏட்டி, இங்க பாரு. இந்தத் தடவை பேரே கிடையாது. எல்லாப் பையும் ஒரே மாதிரி. நம்மது எதுன்னு அந்தச் சாமிக்கே தெரியாது. அம்மாவும் கூட வாரேன்."

சொல்லி முடித்த பிறகுதான் பாண்டிசெல்விக்கே உறைத்தது. அட, இந்தக் கிறுக்கால் நமக்கும் ஒரு நல்லது நடக்கிறதே!

மிச்சம் விழுந்த பூப்போட்ட துணியில் ஆறு ஹேர்பேண்ட் தைத்து, அந்தப் பையில் போட்டு நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஜாஸ்மின் வீட்டில் பேருக்குக்கூட ஒரு பலூன் இல்லை. வெட்டுத்துணியில் கோத்த தோரணம்தான் கூடம் முழுக்கத் தொங்கியது.

அனுசியா அம்மாவின் முந்தானையை விடவே இல்லை. பெனிட்டாதான் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பை ஒரு பெரிய கூடைக்குள் விழுந்து மற்ற பைகளோடு கலந்தது. யாரும் பிரிக்கவில்லை, எது யாருடையது என்று கேட்கவும் இல்லை. கூடையைத் தூக்கி உள்ளறையில் வைத்துவிட்டு எல்லோரும் விளையாடப் போய்விட்டார்கள்.

செத்த நேரத்தில், மியூசிக்கல் சேரில் இடம் கிடைக்காமல் பெனிட்டாவின் மடியிலேயே உட்கார்ந்து, அனுசியா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாகக் கேட்காத சிரிப்பு. பாண்டிசெல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. 'மகராசி, உங்களைப் போய்க் கிறுக்குன்னு சொன்னேனே' என்று மனசுக்குள்ளேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மனசு கேட்கவில்லை. கேக் வெட்டி வைத்துக்கொண்டிருந்த ஜாஸ்மினைத் தேடி அடுப்படிக்கே போய்விட்டாள்.

"அக்கா, நீங்க மரம் மட்டைக்காகச் செஞ்சது எம் பிள்ளைக்கு உதவிருச்சு. போன மாசம் மண்டபத்துல எல்லாரும் சிரிச்சதுல சுருண்டு போனவ, இன்னைக்குத்தான் வாய்விட்டுச் சிரிக்கா. நீங்க நல்லா இருக்கணும்க்கா."

ஜாஸ்மின் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"மரத்துக்காகன்னு உனக்கு யாரு சொன்னா?"

"வாட்ஸ்அப்ல நீங்கதான போட்டிருந்தீக?"

"வேற என்னன்னு போட, செல்வி? உள்ளதைச் சொன்னா உம் மக பேரு மறுபடியும் ஊர் வாயில விழும். அதான் பழியைத் தூக்கி மரத்து மேல போட்டேன். துணிப்பை மரத்துக்கும் நல்லதுதான், இல்லன்னு சொல்லல. இனிமே இவங்க கிளாஸ்ல யாருக்குப் பொறந்தநாள் வந்தாலும் இதே பைதான் தொவைச்சுத் தொவைச்சுச் சுத்தி வரும். மத்த அம்மாமார்கிட்டயும் பேசிட்டேன்."

பாண்டிசெல்வி அவளை நெருங்கி வந்தாள்.

"எம் பிள்ளைக்காகவா... இம்புட்டும்? உங்களுக்கு நான் எப்படிக்கா நன்றி சொல்லுவேன்?"

கும்பிடப் போன அவள் கையை ஜாஸ்மின் அவசரமாகப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"நீ பிள்ளையைக் கூட்டிட்டு வந்தியே, அதுக்கு நாந்தான் உனக்கு நன்றி சொல்லணும். அன்னைக்கு மைக்கைப் பிடிச்சு உம் மக பேரை வாசிச்சு, மொதல்ல சிரிச்சது எம் மகதான்."