அமுக்கியதிலிருந்து பதினேழு விநாடி

சபாபதியின் மேசையில் மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி லைனைப் பிடித்ததும், மார்க்கிரட் இடது கையில் ஸ்டாப்வாட்சை எடுத்தாள்.

பாலசுந்தரம் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

கிள்ளான் பஸ் கம்பெனி அது. சபாபதிதான் முதலாளி. இன்டர்நெட்டிலேயே சீட் பிடிக்க ஒரு பக்கம் வேண்டுமாம். தொண்ணூற்றெட்டில் இது பெரிய சங்கதி. இந்த வேலை கிடைத்தால் பிரிக்பீல்ட்ஸ் மாடியில் அவன் திறந்த கம்ப்யூட்டர் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் மூடுவிழாதான். அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தவன் அவன். சொந்தக்காரர்கள் வாயில் அவலாக அரைபடுவதற்கு அது ஒன்றே போதாதா?

இருபத்திரண்டு விநாடியில் முழுப் பக்கமும் வந்துவிடும் என்று முதலாளியிடம் மார்தட்டியிருந்தான். பொய்யில்லை.

ஆனால் மார்க்கிரட் முழுப் பக்கத்துக்குக் காத்திருக்கவே இல்லை. ஐந்தாவது விநாடியில் ஈப்போ சீட்டுக்கான பட்டன் தலையைக் காட்டியது. உடனே அமுக்கினாள். அதே நொடியில் ஸ்டாப்வாட்சையும் அமுக்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

பக்கத்தின் உச்சியில் சக்கரம் சுழல ஓடுவதற்கு ஒரு குட்டி பஸ் படத்தை ஆசை ஆசையாகச் செய்து வைத்திருந்தான் பாலசுந்தரம். அது வந்து இறங்கும்வரை கம்ப்யூட்டருக்கு வேறெதுவும் காதில் விழாது. அவள் இரண்டாம் தடவை அமுக்கினாள். மூன்றாம் தடவையும் அமுக்கினாள்.

“முழுசா வரட்டும்லா, மேடம்” என்றான்.

“யாருங்க காத்திருப்பா, மிஸ்டர் பாலா? பதினோரு வருஷமா இங்க டிக்கெட் போன் எடுக்கிறேன். ரெண்டு மணி அடிக்கிறதுக்குள்ள எடுக்கலன்னா வெச்சுட்டு மறுபடி அடிக்கிற ஜனங்க. பட்டனைக் கண்டா சும்மா இருப்பாங்களா?”

முதலில் அமுக்கியதிலிருந்து பதினேழாவது விநாடி பக்கம் விழித்துக்கொண்டது. ஒரு சீட் கேட்ட இடத்தில் மூன்று சீட் பிடித்து வைத்திருந்தது!

குட்டி பஸ் ஓட ஆரம்பித்தது. சபாபதிக்கு முகமெல்லாம் பல். “என்னா அழகா ஓடுது! நம்ம பாலாவுக்கே குடுத்துடலாம்லா, மார்க்கிரட்?”

அவள் சிரிக்கவில்லை. இன்னும் மூன்று தடவை அளந்தாள். பதினாறு, பதினெட்டு, பதினேழு. பிறகு இதே வேலைக்குப் போட்டி போட்ட பெட்டாலிங் ஜெயா கம்பெனி செய்த பக்கத்தைத் திறந்தாள். படம் கிடையாது, வர்ணம் கிடையாது, மொட்டைப் பக்கம். அமுக்கினாள். இரண்டே விநாடி.

“தீவாளிக்கு முந்தின நாள் ஒருத்தர் மூணு சீட் பிடிச்சிட்டா, மத்த ரெண்டு பேர் ரோட்டுலதான் நிக்கணும், முதலாளி” என்று விநாடிக் கணக்கைக் குறித்திருந்த தாளை அவர் பக்கம் தள்ளினாள். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

வேலை பெட்டாலிங் ஜெயாவுக்குப் போனது.

பாலசுந்தரத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லையே! பக்கம் எப்போது வந்து முடியும் என்றுதான் அவன் கடிகாரத்தைப் பார்த்தான். அமுக்கின மனுஷனுக்கு எப்போது பதில் வரும் என்று பார்த்தவள் அவள் ஒருத்திதான். எந்தக் காலேஜிலும் அவனுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. அடேயப்பா, என்ன மூளை! என்ன நெஞ்சழுத்தம்! தோற்றுப்போன வயிற்றெரிச்சலுக்கு நடுவிலும் எழுந்து கும்பிடலாம் போலிருந்தது அவனுக்கு.

ஐந்தரைக்கு ஆபீஸ் விட்டது. அவன் கீழே மோட்டார் சைக்கிளோடு நின்றான்.

மூன்று மாதமாக வீட்டில் அவன் அந்தப் பக்கத்தைக் காட்டக் கூப்பிட்டபோதெல்லாம், “ஆபீஸ்லதான் பார்ப்பேன்” என்று எழுந்து போய்விடுகிறவள், படியிறங்கி வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவன் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

“மெதுவாவே போங்க” என்றாள் மார்க்கிரட். “நம்ம பிள்ளைங்க பாக்குறதுக்குள்ள நான் அழுது முடிச்சிடணும்.”