சிவப்புப் பிடி

அலுவலகத்தில் ஆளுக்கொரு மடக்குக்கத்தி வாங்கிக் கொடுத்தவர் ஹெட்கிளார்க் திரவியம். விரல் நீளக் கத்தி, சிவப்புப் பிடி. டீ வரும்போதெல்லாம் கேட்பார்.

"பாக்கெட்ல இருக்காப்பா?"

"வீட்ல கெடக்கு சார். ஆபீசுக்கு ஆப்பிள் நறுக்கவா வர்றோம்?" என்பார் ஞானவேல். மற்றவர்கள் சிரிப்பார்கள். திரவியமும் சிரித்துவிட்டு, கோப்புக்கட்டின் கயிற்றைத் தன் கத்தியால் அறுப்பார்.

மின்மயானத்தில் திரவியத்தின் உடலை இறக்கி வைத்ததும் ஊழியர் குனிந்தார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி இறுகிக் கிடந்தது.

"முடிச்சு அவுர மாட்டேங்குது. யாராச்சும் கத்தி வெச்சிருக்கீங்களா?"

"அப்பா ஆபீஸ்ல எல்லாருக்கும் வாங்கிக் குடுத்தாரு," என்றான் மகன். "ஒருத்தர்கூட வெச்சுக்கலன்னு கடைசிவரைக்கும் சொல்லிட்டிருந்தாரு."

அலுவலகத்து ஆட்களில் முதலில் எபனேசரின் கை பாக்கெட்டுக்குள் போனது. பக்கத்தில் நின்ற கோதண்டத்தின் கையும் போனது. பிறகு ஞானவேலுடையது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் எடுத்து விரித்தார்கள். எல்லாப் பிடிகளிலும் சிவப்பு தேய்ந்து வெளுத்திருந்தது. நீட்டிய கைகளை மகன் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"ஒண்ணு போதுங்க," என்றார் ஊழியர்.

ஒருவரும் கையை மடக்கவில்லை.