மேல் அம்பு

பிரின்சிட்டா மக்ரூன் இனிப்பு டப்பாவை அவன் மேசைமேல் வைத்தாள்.

"எடுத்துக்கிடுங்கண்ணே. நீங்க இல்லன்னா நாலு வருஷ உழைப்பும் தண்ணியிலதான்."

தனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக அவன் சொன்னான். இல்லை. இந்த வாரத்தில் அது அவனுடைய இரண்டாவது பொய்.

பிரின்சிட்டா தமிழ்த் துறையில் ஆய்வு மாணவி. விடியலில் கடற்கரைக்குப் போய், மீனை ஏலம் விடுகிறவர்களின் குரலைப் பதிவு செய்வாள். நாற்பத்தொரு ஏலங்கள். எல்லாம் ஒரே பென்டிரைவில். நகல் கிடையாது. அதிகம் படித்தவர்கள் இப்படித்தான்.

போன திங்கட்கிழமை அதைக் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபுக்குக் கொண்டுவந்தாள். லேபைப் பார்த்துக்கொள்வது அவன்.

"லினக்ஸ்ல திறக்கவே மாட்டேங்குதுண்ணே."

கோளாறு சின்னது. முறையாக வெளியேற்றாமல் பிடுங்கியிருக்கிறாள். கம்ப்யூட்டர் முறுக்கிக்கொண்டது. ஒரு வரி அடித்தால் சரியாகிவிடும்.

டீ குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று செருகியபடியே விட்டுப் போனான்.

வந்தபோது மறந்திருந்தான். வேறொரு மெஷினுக்கு லினக்ஸ் போட வேண்டும். தன் பென்டிரைவைப் பக்கத்தில் செருகினான். அதில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு லினக்ஸை எழுதச் சொல்லும் வரியை அடித்தான்.

செருகுகிற ஒவ்வொன்றுக்கும் லினக்ஸ் ஓர் எழுத்துக் கொடுக்கும். உள்ளே இருக்கும் டிஸ்க் ஏ. அடுத்து வருவது பி. அதற்கும் அடுத்தது சி.

அவளுடையது திறக்கவில்லை. அதனால் திரையில் இல்லை. ஆனாலும் பி அதற்குத்தான் போயிருந்தது; அவனுடையதற்குக் கிடைத்தது சி.

அவன் பி என்று அடித்தான்.

பதினோரு வருட அனுபவம்.

சிவப்பு விளக்கு அவளுடைய பென்டிரைவில் மினுங்கியது. பதறிப்போய் நிறுத்தினான்.

மூன்று நாள் தோண்டினான். இருபத்தொன்பது ஏலங்கள் கிடைத்தன. முன்னால் இருந்த பன்னிரண்டு போனது போனதுதான்.

"பிடுங்குனதுல கெட்டுப்போச்சும்மா. முடிஞ்ச வரைக்கும் எடுத்திருக்கேன்."

அது முதல் பொய்.

அவள் நம்பினாள். நம்பியதோடு விடவில்லை, துறை முழுக்கச் சொல்லிவிட்டாள். முதல்வர் வராந்தாவில் நிறுத்திக் கை கொடுத்தார். அன்றிலிருந்து அவன் அந்த வராந்தா வழியாகப் போவதில்லை.

"போன பன்னிரண்டும் பெரியதாழையில ஏலம் விடுத சூசை மாமாவோடதுண்ணே," என்றாள் இப்போது. "அவருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆயிடுச்சி. இனிமே குரல் வராதாம். கையை மட்டும் ஆட்டுதாரு."

அவன் கீபோர்டைப் பார்த்தான்.

"நாளைக்குப் போறேன். என் அவசரத்துல போச்சு, மன்னிச்சிடுங்கன்னு கால்ல விழணும். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

வெடுக்கென்று பிடுங்கியது மட்டும்தான் அவள் செய்த தப்பு. அதற்கு ஒரு வரி போதும்.

"பென்டிரைவ மீட்க நீங்க அடிச்ச கட்டளையெல்லாம் எனக்கும் சொல்லிக்குடுங்கண்ணே. இனி உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்." நோட்டைத் திறந்தாள்.

அவன் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான்.

கறுப்புத் திரை திறந்திருந்தது. மேல் அம்பை அழுத்தினால் அதுவரை அடித்த வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும், கடைசியில் அடித்தது முதலில். அழிக்கச் சொன்னால் ஒழிய லினக்ஸ் மறக்காது. நான்கு தடவை அழிக்கப் போனான். நான்கு தடவையும் கை வரவில்லை.

"ஒவ்வொரு வரியிலயும் முதல் வார்த்தை என்ன வேலைன்னு சொல்லும். கடைசி எழுத்து எதுலன்னு சொல்லும். உன்னோடது பி."

"பி," என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

"மேல் அம்பை அமுக்கு."

அமுக்கினாள்.

"இது என்னண்ணே?"

"தேடி எடுக்கிறது."

எழுதிக்கொண்டாள்.

"இன்னும் மேல."

"இது?"

"நகல் எடுக்கிறது. முதல்ல இதைச் செய்யணும்."

அதையும் எழுதினாள். கெட்டிக்காரி. சொல்லாமலே கடைசி எழுத்தைப் பார்த்து, "பி, சரிதான்," என்றாள்.

"இன்னும் மேல."

"இது?"

"எழுதிக்கிட்டிருக்கிறதை நிறுத்துறது."

"எதை நிறுத்துறது?"

அவன் கண் மேல் அம்பில் இருந்தது. அவள் வற்புறுத்தவில்லை. பேனாவை மூடினாள்.

"போதும்ணே. புரிஞ்சிருச்சி."

சரி என்று சொல்லியிருக்கலாம். அவள் போயிருப்பாள். நாளைக் காலை பெரியதாழை பஸ்ஸில் ஏறியிருப்பாள்.

மக்ரூன் டப்பாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"இன்னும் ஒரு தடவை அமுக்கும்மா."