எதிர் ஜன்னல்

"சட்டுனு உள்ள வந்துடுங்க சிஸ்டர். அந்தம்மா நிக்கிறாங்க."

ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் கதவைத் திறந்து, நர்ஸை உள்ளே விட்டதும் தாழ் போட்டாள் அவள். பிறகு திரைச்சீலையின் ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம், மாடி ஜன்னலில், இந்த வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மா அசையாமல் நின்றிருந்தார். பார்வை நேராக இந்த வாசல் மேல்தான்.

கட்டிலில் சாய்ந்திருந்த கணவன் கரகரத்த குரலில் சொன்னான். "நம்ம வீட்டுக்கு நர்ஸ் வர்றதப் பாத்தா, பேங்கைக் கொள்ளையடிக்க வந்த மாதிரி இருக்கு."

நர்ஸ் சிரித்தாள். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் பஸ் டிரைவர். ஹாரனைவிடச் சத்தமாக ஆட்களை அதட்டிய தொண்டையில்தான் புற்று வந்திருந்தது. இப்போது கழுத்தின் வெளிப்புறமும் புண்ணாகிவிட்டது.

போன வீட்டில் விஷயம் வெளியே தெரிந்த வாரமே காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். குழந்தைகள் புழங்கும் இடமாம், தொத்திக்கொள்ளுமாம். இது தொத்தாது என்று டாக்டர் சொன்னதைச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை. பாத்திர மூட்டைகளுக்கு நடுவே அவனைக் கிடத்தி மினி லாரியில் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் பல்லைக் கடித்த சத்தம் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை. இன்னொரு முறை அப்படித் தூக்கிக்கொண்டு அலைந்தால் புண்ணிலிருந்து ரத்தம் பீறிட்டு, ஆள் போய்ச் சேர்ந்துவிடுவான்.

அதனால்தான் இந்தக் கண்ணாமூச்சி. வீட்டுக்கே நர்ஸ் வருவார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னாள். பிறகு, வெள்ளை உடுப்பு கூடாது, மருந்துப் பெட்டி கூடாது, வாசலில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டு ஒப்புக்கொண்டாள். நர்ஸ் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. சாதாரணப் புடவையில் காய்கறிப் பையோடு வந்தாள். எதிர்வரிசை வீடுகளின் பின்சந்தில் வண்டியை விட்டுக்கொள்வதாகவும், தனக்கும் அதுதான் வசதி என்றும் சொன்னாள்.

நர்ஸ் வர ஆரம்பித்த பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது. முன்பெல்லாம் கட்டு மாற்ற ஆஸ்பத்திரி பெஞ்சில் பாதி நாள் போய்விடும். வீடு திரும்புவதற்குள் அவன் துவண்டுபோவான். இப்போது எல்லாம் கட்டிலிலேயே முடிந்தது. நர்ஸ் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவியதில், பக்கத்தில் நிற்கவிடாமல் வீசிய வாடை அடங்கியது. மார்ஃபின் ஆளையே முடித்துவிடும் என்று பயந்து பாட்டிலை ஒளித்துவைத்திருந்தவளைப் பக்கத்தில் உட்கார்த்தி, சொன்ன அளவில், வலி எட்டிப் பார்க்கும் முன்பே கொடுக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினாள். அன்று அவன் தூங்கினான். வெகு நாளைக்குப் பிறகு அவளும் தூங்கினாள்.

ஒரு பயம் விட்டது. இன்னொன்று எதிர் ஜன்னலில் வந்து நின்றது.

நர்ஸ் வரும் நாட்களில் மட்டும்தான் அந்த ஜன்னல் திறந்தது. மற்ற நாட்களில் மூடியே கிடந்தது. எப்படித்தான் மூக்கில் வேர்க்கிறதோ என்று அவள் பயந்தாள். வீட்டுக்காரம்மா ஏதாவது கேட்டாரா என்று ஒரு முறை நர்ஸிடமே விசாரித்தாள்.

"ஒரு வீட்டுல பாத்தத இன்னொரு வீட்டுல சொல்றது என் வேலை இல்லக்கா" என்றதோடு நர்ஸ் நிறுத்திக்கொண்டாள்.

இன்று புண் கூடுதலாகக் கசிந்திருந்தது. பழைய துணி ஒட்டிக்கொண்டதால், உப்புத் தண்ணீர் விட்டு விட்டு மெதுவாகப் பிரிக்க வேண்டியிருந்தது. வழக்கத்தைவிட நேரமாகிவிட்டது. அவள் மறுபடியும் திரையை விலக்கினாள்.

ஜன்னலில் ஆள் இல்லை. வீட்டுக்காரம்மா தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

அவள் அவசரமாகக் கிண்ணத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பஞ்சை முந்தானையில் சுருட்டினாள். பிரித்த கட்டை மட்டும் எங்கே ஒளிப்பது? கதவு தட்டப்பட்டது. மறுபடியும் தட்டப்பட்டது.

"தெற" என்றான் கணவன். "எத்தனை நாளைக்கு ஒளிஞ்சிக்கிட்டே இருப்ப?"

திறந்தாள். வீட்டுக்காரம்மா கேட்காமலே உள்ளே வந்தார். மூச்சு இரைக்க நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கழுத்துப் புண்ணில் ஒரு கணம் பட்டு நகர்ந்தது.

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கியதெல்லாம் அவள் வாயிலிருந்து கொட்டியது. "தொத்து வியாதி இல்லம்மா. சத்தியமா இல்ல. இவரைத் தூக்கிக்கிட்டு இனிமே எங்கயும் போக முடியாது. காலி பண்ண மட்டும் சொல்லிடாதீங்க."

வீட்டுக்காரம்மா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அடிவயிற்றை அழுத்திப் பிடித்தபடி நர்ஸைப் பார்த்தார்.

"இங்க முடியறதுக்கு இன்னும் நேரமாகுமா கண்ணு? எப்ப கிளம்புவேன்னு ஜன்னல்லயே நின்னு பாத்தேன். இன்னிக்கு வலி தாங்க முடியல."

நர்ஸ் ஓடிவந்து அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். வலி சற்றுத் தணிந்ததும், திகைத்து நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரம்மா.

"எனக்கும் வயித்துல இதே வியாதின்னு தெரிஞ்சா, பயந்துக்கிட்டு நீங்க காலி பண்ணிட்டுப் போயிடுவீங்களோன்னுதாம்மா இவ்வளவு நாளும் மறைச்சேன்."