இந்த வரி யாருடையது?

அந்த விளம்பர நிறுவனத்தில் பதினோரு வருடமாகப் பட்டப்பகலில் திருட்டு நடந்துகொண்டிருந்தது. திருடுபவர் யார் என்று வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூடத் தெரியும். ஆனாலும் யாரும் வாய் திறந்ததில்லை. திருடுபவர்தான் அங்கே மேலாளர்.

களவு போனவை எல்லாம் வரிகள். "இரண்டாவது குளியலுக்கு வேலையில்லை" என்று சோப்புக்கு ஒரு வரி. "மாமியாரே பாராட்டுவார்" என்று தரை துடைக்கும் திரவத்துக்கு ஒரு வரி. எழுதியது ஜன்னலோர மேசையில் இருக்கும் விளம்பர எழுத்தாளர். யாராவது நன்றாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டால் போதும், மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு, காலையில் பல் தேய்க்கும்போது அந்த வரி தனக்கு உதித்த கதையை ஆரம்பித்துவிடுவார்.

எழுத்தாளருக்கு அலுவலகத்தில் 'திருத்தம்' என்று பட்டப்பெயர். தப்பும் தவறுமான வாக்கியத்தைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. லிஃப்டில் ஒட்டிய அறிவிப்பைத் திருத்துவார். மனைவி எழுதிக் கொடுக்கும் காய்கறிப் பட்டியலில் 'தக்காளி'க்கு முன்னால் 'பளபளக்கும்' என்று சேர்ப்பார். இப்போதெல்லாம் விளம்பரம் செல்போனில்தான். படிக்கிறவரின் கட்டைவிரல் ஒரு நொடிதான் நிற்கும். அந்த ஒரு நொடிக்காகத் திருத்தம் ஒரு நாள் முழுக்க யோசிப்பார்.

அலுவலகத்தின் பொதுச் செல்போனும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அதில் வரும் செய்திகளையும் அவர் விடமாட்டார். பல் மருத்துவரோ, கூரியர் கம்பெனியோ, மெத்தைக் கடையோ, யார் அனுப்பினாலும் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து நயமாக மாற்றி எழுதி, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார். நன்றி என்று ஒருவரும் பதில் போட்டதில்லை.

இந்த மாதம் முதலாளி ஓர் அறிவிப்பு செய்திருந்தார். அடுத்த பெரிய வாடிக்கையாளரை எவருடைய எழுத்து இழுத்து வருகிறதோ, அவருக்குத் தனி அறை, தனிக் குழு, மேலாளருக்குச் சமமான பதவி. அன்று காலை திருத்தம் செருப்பு மாட்டும்போது மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"இந்தத் தடவையும் வாயை மூடிக்கிட்டு வந்தீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன். எழுந்து நின்னு, 'இது நான் எழுதினது'ன்னு சொல்லுங்க. மூணே வார்த்தை."

அதை இரண்டு வார்த்தையாகச் சுருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. நல்லவேளை, சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். உயரமானவர் கையில் ஒரு தோல்பை, குள்ளமானவர் கையில் ஒரு நோட்டு. இங்கே எழுதுகிறவரைப் பார்க்க வேண்டும் என்றார்களாம். மேலாளர் ஓடி வந்து கைகுலுக்கி, எல்லார் நடுவிலும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

உயரமானவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். "உங்கள் பார்சல் தெருமுனை வரை வந்துவிட்டது. வீட்டு எண்ணை மட்டும் சொல்லுங்கள், மிச்ச தூரம் நாங்கள் நடக்கிறோம்."

திருத்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய வரி. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு கூரியர் செய்தியைத் திருத்தி அனுப்பியது.

ஒரே நாளில் நாலாயிரம் பேர் இதைப் படித்த கையோடு பதில் போட்டிருக்கிறார்கள் என்றார் உயரமானவர். அவருடைய அனுபவத்தில் இப்படி ஓர் எழுத்தைப் பார்த்ததே இல்லையாம். இந்த அலுவலகத்து எண்ணிலிருந்து போயிருக்கிறது என்பது வரைக்கும் தெரிந்துவிட்டது, எழுதிய கை யாருடையது என்று கேட்கத்தான் நேரில் வந்தார்களாம்.

திருத்தம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "சார், அந்த வரி..."

"அவர் டைப் அடிச்சுக் கொடுப்பார்," என்று மேலாளர் முந்திக்கொண்டார். "எழுதினது நான்."

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். 'மிச்ச தூரம்' என்ற இரண்டு சொல்லுக்காக நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லையாம். குள்ளமானவர் விடாமல் குறிப்பெடுத்தார். அதைப் பார்த்து மேலாளருக்கு உற்சாகம் கூடிவிட்டது.

"படிக்கிறவனை யோசிக்க விடக் கூடாது சார். அவன் யோசிக்கிறதுக்குள்ள விரல் அமுக்கிடணும். அதுதான் என் ரகசியம்."

வேறு இது மாதிரி எழுதியதுண்டா என்று கேட்டார்கள். பதினோரு வருடமாக இதுதான் தொழில் என்றார். கூட யாராவது உதவினார்களா என்றும் கேட்டார்கள். ஒருவரும் இல்லை, எல்லாம் தனி ஆளாக என்றார். உயரமானவர் தாளை நீட்டினார். மேலாளர் அதன் அடியில் 'எழுதியது நானே' என்று குறித்து, வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார்.

திருத்தத்துக்கு அழுகையே வந்துவிட்டது. தனி அறை போயிற்று, குழு போயிற்று. சாயங்காலம் வீட்டில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? இதை விட்டால் இனி ஒருநாளும் இல்லை என்று மேசையை ஓங்கித் தட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உயரமானவர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேலாளர் முன்னால் வைத்தார். சைபர் குற்றப் பிரிவு, இன்ஸ்பெக்டர்.

"பார்சல்னு பொய் மெசேஜ் அனுப்பி ஊரையே ஏமாத்தின கும்பலைப் போன வாரமே உள்ளே வச்சாச்சு. எழுதிக் கொடுத்த ஆள்தான் கிடைக்காம இருந்தார். கிளம்புங்க, வண்டி கீழ நிக்குது."

மேலாளர் கையெழுத்துப் போட்ட தாளைத் திரும்பப் பிடுங்கப் பார்த்தார். குள்ளமானவர் நோட்டை மூடிவிட்டு அவர் தோளில் கை போட்டார். இன்ஸ்பெக்டர் திருத்தத்தின் பக்கம் திரும்பி, நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்களே என்று கேட்டார்.

"ஆமா சார்," என்றார் திருத்தம், "இந்த ஆபீஸ்ல நல்ல வரின்னு எது வந்தாலும் அது இவர் எழுதினதுதான்னு சாட்சி சொல்ல வந்தேன்."