பூனையின் வேலை

பூனை பொய் சொன்னால் எல்லாரும் கைதட்டுகிறார்கள். நான் சொன்னால் மன்னாரிலிருந்து ஒரு பெண் அதை நம்பி விமானம் ஏறிவிடுவாள். இந்த நினைப்போடு பிரஷாந்தி, வரவேற்பறைக் கம்பளத்தில் வீட்டுக்காரர்களின் குழந்தைகள் விரித்துப்போட்ட பிரெஞ்சுக் கதைப் புத்தகத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். படத்தில் ஒரு பூனை, யாருடைய வயல்களையோ தன் ஏழை எசமானுடையவை என்று அரசனுக்குக் காட்டுகிறது. பிரெஞ்சு பழக அவள் எழுத்துக்கூட்டி வாசித்த கதை. அப்போது சிரிப்பு வந்தது. சன்னல் நிறைய ஏரி. அதன் வெளிச்சம் உட்கூரையில் நடுங்குகிறது. வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. அவள் துப்புரவு செய்யும் நேரம் பார்த்து வந்த அண்ணன் டினேஸ், தனக்குக் கல்யாணம் பேசும் பெண் வீட்டாருக்காகப் புதுச் சட்டையோடு சோபாவில் உட்கார்ந்து, கைப்பேசியைப் பூச்சாடியில் சாய்த்து வைக்கிறான். “பொம்பிளையின்ர தாய் இப்ப எடுப்பா. எங்கட வீடெண்டு மட்டும் சொல்லு, தங்கச்சி. நான் சொன்னால் நம்பமாட்டினம்.” “அவள் வந்து இறங்கினால், அண்ணை?” “வந்தாப் பிறகு திரும்பிப் போகப்போறாளோ? உன்னை இஞ்ச எடுப்பிச்சது ஆர்?” அவளை இந்த நாட்டுக்கு அழைப்பித்தவன் அவன்தான்; ஏழு வருடங்களாக அவர்களுடைய எந்தப் பேச்சும் இந்தக் கேள்வியில்தான் முடிகிறது. இறப்பர் கையுறைக்குள் அவள் விரல்கள் வியர்க்கின்றன. கைப்பேசி அலறுகிறது. திரையில் ஒரு தாயின் முகம்; அவர் தோளுக்குப் பின்னால், எட்டிப் பார்க்கும் பெண்ணின் ஒற்றைக் கண். “வீடு நல்ல வடிவு, பிள்ளை. உங்கடயோ?” டினேஸ் சிரித்தபடியே தலையாட்டிக் காட்டுகிறான். பிரஷாந்தி கையுறைகளைக் கழற்றுகிறாள். “இல்லை அம்மா,” என்கிறாள், குரலை உயர்த்தாமல். “நான் இஞ்ச துடைக்கிறனான்.”