நாற்பத்தோராவது ஆள்

ஜெசிந்தாவும் பொன்ராஜும் எழுதி, யாரும் இணையதளம் கட்டிக்கொள்ளட்டும் என்று இலவசமாகத் திறந்துவிட்ட வெப் ஃப்ரேம்வொர்க்குக்கு ஆறே மாதத்தில் நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரின் சந்தேகத்துக்கும் அவள் சோறு ஆறிப்போக உட்கார்ந்து பதில் எழுதினாள். இன்றுதான் அவர்கள் ஒட்டியிருந்த பிழைச் செய்திகளை வரிசையாகப் பார்த்தாள். பிழை வந்த கோப்பு அனுப்பியவரின் கணினியில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதும் அவற்றில் இருக்கும். சேலத்துக்காரர், கொழும்புக்காரி, கல்லூரி மாணவன் என்று எல்லோருடைய கோப்பும் 'பொன்ராஜ்' என்ற ஒரே ஃபோல்டரில் இருந்தது.

போனில் அவன் சிரித்தான். "ஆளில்லாத இடத்துக்கு எவன் வருவான்? கூட்டம் காட்டத்தான் நாற்பது பேரா நானே எழுதுனேன். நீயும் ஆசையா பதில் எழுதுனல்ல?"

போனை வைத்தபோது திரையில் புதிதாக ஒன்று வந்திருந்தது. "அக்கா, நான் புதுசு. முதல் பக்கமே திறக்க மாட்டேங்குது." கீழே பிழைச் செய்தி. ஃபோல்டரின் பெயர் 'ரஹ்மத்'.

மூன்று முறை படித்தாள். பிறகு, "போதும் பொன்ராஜ்" என்று பதில் அனுப்பினாள்.